முடித்த ஜாதகம்

மகள் சிந்துஜா ஜாக்கெட் தைக்கக் கொடுக்க அத்தையோடு இந்நேரம் மதுரை பஸ்ஸில் ஏறியிருப்பாள் என்று மனசுக்குள் உறுதி செய்துகொண்டு, ஜெயக்கனி வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் எழுந்தாள். பட்டப்பகலில் தாழ்ப்பாள் போடுகிற வழக்கம் அந்தத் தெருவில் கிடையாது, போட்டால் உள்ளே யாருக்கு என்ன ஆச்சு என்று நாலு பேர் வந்து தட்டுவார்கள். போய்த் தாழ்ப்பாளை நீக்கிக் கதவை வெறுமனே சாத்தி வைத்தாள். இப்போது யார் வேண்டுமானாலும் தள்ளிக்கொண்டு வரலாம் என்ற பயம் வந்தது. ஒரு பயத்தை விரட்டினால் அடுத்தது தயாராக நிற்பது கொஞ்ச நாளாகவே அவளுக்குப் பழகிப்போயிருந்தது. சர்வீஸ் கடை மேரி சொன்னதை வரிசையாக ஞாபகப்படுத்திக்கொண்டாள். முதலில் நெட் வயரைப் பிடுங்க வேண்டும். பிடுங்கினாள். பிறகு கம்ப்யூட்டரை அணைத்து சேஃப் மோடில் எழுப்ப வேண்டும். அது ஒரு தடவையில் எழும்பவில்லை, எந்தப் பொத்தானை எப்போது அமுக்குவது என்பதில் விரல் தடுமாறி, பழையபடியே எழும்பி, எழும்பியதும் ரம்மி விளம்பரம் ஆடக் கூப்பிட்டு, மறுபடி அணைத்து, மறுபடி எழுப்பி, கடைசியில் திரை கறுப்பாக வந்து நின்றது. எப்போதும் இருக்கும் குற்றாலத்து அருவிப் படம் இல்லை. நாலு மூலையிலும் ஏதோ எழுதியிருந்தது. எழுத்தெல்லாம் பெரிது பெரிதாக, கண்ணாடி போடாமலே படிக்கிற மாதிரி இருந்தது. சாவு வீட்டில் சாமி படத்தைத் திருப்பி வைத்த மாதிரி இருக்கிறதே என்று நினைத்து, கல்யாணம் வைத்திருக்கிற வீட்டில் இதென்ன நினைப்பு என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். மேரி கொடுத்த பென்டிரைவைச் சொருகி, அதிலிருந்த வைரஸ் எடுக்கிற புரோகிராமைத் தட்டி, முழுச் சோதனை என்பதை அமுக்கினாள். பச்சைக் கோடு ஒன்று இடது ஓரத்தில் அரிசி அளவுக்குத் தலைகாட்டியது. ஓடி முடிக்கும்வரை எதையும் தொடக்கூடாது என்று மேரி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். தொடாமல் இருப்பது ஜெயக்கனிக்கு வராத காரியம். மூடி போட்டு வேகிற சோற்றைக்கூட அவள் ரெண்டு தடவை திறந்து பார்ப்பாள். கைகளை மடியில் வைத்துப் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எதை இறக்கினீர்கள் என்று மேரி கேட்டபோது கோலம் என்று சொல்லிவிட்டாள். வாயில் வந்தது அதுதான். கல்யாணத்துக்கு வாசலில் போட ஒரு பெரிய கோலம் தேடினேன், அதோடு ஏதோ வந்துவிட்டது. மேரி ஒரு நிமிஷம் அவளையே பார்த்துவிட்டு, கோலத்தோடு இந்த மாதிரி வராதே அக்கா என்றாள். அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்காததுதான் உறுத்தியது. அவளுக்குத் தெரிந்திருக்குமோ, வேறு ஏதோ கண்றாவியைப் பார்த்ததாக நினைத்திருப்பாளோ, ஐம்பது வயதில் இந்த அம்மா என்னத்தைப் பார்க்கிறாளோ என்று. அப்படி நினைத்தாலும் நினைத்துக்கொள்ளட்டும், உண்மையைச் சொல்வதற்கு அது தேவலை. உண்மை என்னவென்றால், தட்டு மாற்றி நிச்சயம் பண்ணிய பிறகு ஜெயக்கனி மகளுடைய ஜாதகத்தையும் மாப்பிள்ளை ஜாதகத்தையும் வைத்து இன்னொரு தடவை பொருத்தம் பார்க்கப் போனாள். முடித்த ஜாதகத்தை மறுபடி பிரிக்கக் கூடாது. யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தருகிற விஷயமில்லை இது, பிறந்ததிலிருந்து காதில் விழுந்துகொண்டே இருப்பது. முடித்த ஜாதகத்தை இன்னொரு ஜோசியரிடம் காட்டினால், அவர் ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லிவிட்டால், அந்த ஒரு வார்த்தை ஆயுசுக்கும் கூடவே வரும். அருப்புக்கோட்டை ஜோசியர் பத்தும் பொருந்துகிறது, ரஜ்ஜு தட்டவில்லை, தாராளமாகச் செய்யலாம் என்று சொன்னதோடு அந்தத் தாள்களை மஞ்சள் தடவி பீரோவில் வைத்துப் பூட்டியாகிவிட்டது. அதைத் திறந்தாள். விருதுநகரில் எந்த ஜோசியரிடம் போனாலும் மறுநாள் சம்பந்தி வீட்டுக்குப் போய்விடும், மனுஷன் வாயை நம்ப முடியாது, மெஷினுக்கு வாய் கிடையாது என்று யோசித்துத்தான் கம்ப்யூட்டரைத் தேர்ந்தெடுத்தாள். இலவசப் பொருத்தம், பத்தும் ஒரு நொடியில், தமிழிலேயே என்று போட்டிருந்தது. இறக்கினாள். தட்டினாள். ஒரு கறுப்புப் பெட்டி கண் சிமிட்டுகிற நேரம் வந்து மறைந்தது. அவ்வளவுதான், பொருத்தமும் இல்லை ஒன்றும் இல்லை. அதற்கு முன்பே எப்போதாவது ஒரு விளம்பரம் எட்டிப் பார்த்துப் போனதுண்டு, மறுநாளிலிருந்து வாயில்லாத மெஷின் வீடு அதிரக் கத்த ஆரம்பித்தது. பெயின்ட் கடை பில்லைத் திறந்தால் ரம்மி. சீரியல் பார்க்கத் திறந்தால் தலைமுடி எண்ணெய். ஒரு நாள் புருஷன் பொன்ராஜ் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சைரன் ஊதி, ஒரு பெண் இங்கிலீஷில் உங்கள் கம்ப்யூட்டர் ஆபத்தில் இருக்கிறது என்று அலறினாள். யாரு ஜெயா உள்ள என்று கேட்டார் அவர். விளம்பரம் என்று ஓடிப்போய் ஸ்விட்சையே அணைத்துவிட்டு வந்து ரசம் ஊற்றினாள். பாதி இலைக்கு வெளியில் போயிற்று.

இன்றைக்கு இதைச் சுத்தம் பண்ணியாக வேண்டும். சாயங்காலம் சிந்துஜா வந்து இதில்தான் உட்காருவாள், பத்திரிகை உறைகளில் ஒட்ட முகவரியெல்லாம் அடிக்க வேண்டும். அவள் ஆபீஸ் லேப்டாப்பில் சொந்த வேலை எதுவும் செய்ய விடமாட்டார்கள். உட்கார்ந்தவள் கண்ணில் அந்தப் பொருத்தம் பட்டால் என்ன ஆகும் என்பதை ஜெயக்கனி பல விதமாக நினைத்துப் பார்த்துவிட்டாள். எந்த விதத்தில் நினைத்தாலும் கடைசியில் மகள் திரும்பிப் பார்த்து, இந்த மாப்பிள்ளை வேண்டும் வேண்டும் என்று தலைகீழாக நின்றது நீதானே, இப்போது நீயே சந்தேகப்படுகிறாயா என்று கேட்டாள். திரையில் கோப்புகளின் பெயர்கள் ஓடின. எழுத்து பெரிதாக இருப்பதால் படிக்க முடிந்தது. கடை பில், கடை பில், பெயின்ட் ஸ்டாக், மறுபடி கடை பில். பிறகு சிந்துஜா என்று ஒரு வரி, அதற்குள் பள்ளிக்கூடம், அதற்குள் ஆண்டு விழா. அந்த ஆண்டு விழாவுக்குப் பச்சைப் பாவாடை என்று டீச்சர் சொல்லியனுப்ப, மயில் கழுத்துப் பச்சையா கிளிப் பச்சையா என்று அம்மாவும் மகளும் கடைவீதி முழுக்கச் சண்டை போட்டபடி நடந்தார்கள். ஒன்பது வயது. துணிக்கடைக்காரர் ரெண்டு பேருக்கும் தண்ணீர் கொடுத்தார். சண்டைக்காரிதான் அவள். ஹேர்ப்பின் நிறத்துக்கு ஒரு மணி நேரம் வாதாடுவாள். சாம்பாரில் ஏன் முருங்கைக்காய் போட்டாய், ஏன் என்னைக் கேட்காமல் அலாரத்தை அணைத்தாய், ஏன் பக்கத்து வீட்டு அத்தையிடம் என் சம்பளத்தைச் சொன்னாய். அந்த வாய் தட்டு மாற்றிய நாளிலிருந்து மூடிக்கொண்டது. முகூர்த்தப் புடவை அரக்கு எடுக்கலாமா என்றால் சரிம்மா. அரக்கு வேண்டாம், மாம்பழக் கலர் எடுக்கலாமா என்றால் அதற்கும் சரிம்மா. மாப்பிள்ளை வீட்டில் வேலையை ஓசூருக்கு மாற்றிக்கொள்ளச் சொல்கிறார்கள் என்றால் சரிம்மா. பக்குவம் வந்துவிட்டது, கல்யாணக் களை என்று பார்க்கிறவர்கள் எல்லாரும் சொன்னார்கள். ஜெயக்கனியும் நாலு பேரிடம் அப்படித்தான் சொன்னாள். ஆனால் ராத்திரி படுத்தால் அந்தச் சரிம்மா காதுக்குள் கொசு மாதிரி சுற்றியது, கையை வீசினால் போய்விட்டுத் திரும்பி வந்தது. சோதனைக் கோடு நகரவில்லை. உற்றுப் பார்த்தால் நகர்கிறது, இல்லை, நகரவில்லை.

எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தாள். அடுப்படி ஜன்னல் வழியாக மிளகாய்க் குடோன் காற்று உள்ளே வந்தது, எங்கேயோ மூட்டை பிரிக்கிறார்கள். ரெண்டு தும்மல் போட்டாள். மூன்றாவது வரும் என்று நின்றாள், வரவில்லை, அது மூக்கிலேயே தங்கிவிட்டது. திரும்பி வந்து பார்த்தால் கோடு அதே இடத்தில் இருந்தது. தான் பார்க்காதபோது ஓடுகிறதோ, பார்த்தால் நின்றுவிடுகிறதோ. வேண்டுமென்றே முகத்தைத் திருப்பி சுவரைப் பார்த்தாள். சுவரில் இருக்கும் காலண்டரில் கல்யாணத் தேதிக்குச் சிவப்பு வட்டம். திரும்பிக் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். திரைக்கு மேலே ஒட்டியிருக்கிற சின்னக் கேமரா அவளைப் பார்த்தது. இந்த மாதிரி வந்துவிட்டால் சிலது கேமராவையும் திறந்து பார்க்குமாம், மேரி கடையில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டிருந்தாள். இந்த அறையில்தான் பீரோ இருக்கிறது, இங்கேதான் புடவை மாற்றுவாள். எழுந்து கிட்டப் போய்ப் பார்த்தாள். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் குங்குமம் அதன் கண்ணிலேயே அப்பிக் காய்ந்துபோயிருந்தது. சிபியு, மவுஸ், பிரிண்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தவள் இதற்கு மட்டும் ஏன் குறை என்று அன்றைக்கு இழுவியது. அப்பாடா என்று உட்கார்ந்தாள். அடுத்த மூச்சில், கண்ணை மூடினோம், காதை மூடினோமா என்று தோன்றியது. காது இதற்கு எங்கே இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியாது. கேட்டிருந்தால் என்னத்தைக் கேட்டிருக்கும். வீட்டில் ஆளில்லாதபோது அவள் தன்னோடு தானே பேசுவாள், எல்லாப் பெண்களும் பேசுவதுதான். என்ன பேசினோம் என்று யோசித்தாள். அன்றைக்கு அதைத் தட்டிவிட்டுக் கறுப்புப் பெட்டி வந்து மறைந்தபோது வாய்விட்டு ஒன்று சொன்னாள். பொருந்தலன்னு வந்துருமோ என்றாள். சொன்னது பயந்தா, ஆசைப்பட்டா என்று அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை.

போன் அடித்தது. பொன்ராஜ்தான். சிவகாசி பிரஸ்ஸிலிருந்து ஆள் கடைக்கே வந்துவிட்டாராம், புரூஃபைக் கையோடு கொண்டு வந்திருக்கிறாராம், மத்தியானத்துக்குள் ஓகே சொன்னால் இன்றைக்கே மெஷினில் ஏற்றிவிடுவாராம். தாய்மாமன் பெயர் சரியாக இருக்கிறது, பிள்ளையார் படம் நன்றாக விழுந்திருக்கிறது, நீ ஒரு தடவை பார்க்க வேண்டுமா என்று கேட்டார். பார்க்கிறேன் என்றாள். எதற்குப் பார்க்கிறேன் என்றாள் என்று வைத்த பிறகு யோசித்தாள். நாலு தடவை பார்த்த பத்திரிகை. பொன்ராஜ் அந்த ஆளை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார், குரலில் அப்படி ஒரு சந்தோஷம், கடையில் இருக்கும் எல்லாருக்கும் கேட்கும்படி பேசினார். பத்திரிகை அடித்துவிட்டால் பிறகு யாரும் எதுவும் பேச முடியாது. அது ஊருக்குள் போய்விடும், குலசாமி காலடிக்குப் போய்விடும், பேர் பேராகப் போய் வெற்றிலை பாக்கோடு ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்துவிடும். அவளுடைய கல்யாணப் பத்திரிகையும் அப்படித்தான் போயிற்று. அவள் அப்பா பிரஸ்ஸிலிருந்து கட்டைத் தூக்கிக்கொண்டு வந்து ஊஞ்சலில் வைத்தார். மேலே இருந்ததை எடுத்து முகர்ந்து பார்த்தாள், மையும் மஞ்சளும் சேர்ந்த வாசனை. ஜெயக்கனி என்ற பெயரை விரலால் தடவினாள். தனக்குத்தான் கல்யாணம் என்று அந்த நிமிஷத்தில்தான் அவளுக்கு உறைத்தது. அதற்கு முன்னால் நடந்ததெல்லாம் வேறு யாருக்கோ நடக்கிற மாதிரி இருந்தது. பொன்ராஜ் கெட்டவர் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக்கூடக் கொடுத்திருக்கிறார். ஆனால் அந்தப் பெண்பார்த்தலிலிருந்து அந்தக் கட்டு ஊஞ்சலில் இறங்கியதுவரை யாராவது தன்னைத் தனியாகக் கூப்பிட்டு, உனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள் என்று அவள் காத்திருந்தாள். அப்பா கேட்பார் என்று பார்த்தாள், அம்மா கேட்பாள் என்று பார்த்தாள். யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பிடித்திருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பாளோ என்னவோ. அது தெரியாமலே இத்தனை வருஷம் போய்விட்டது.

கோடு பாதியைத் தாண்டியிருந்தது. எப்போது தாண்டியது என்று அவள் கவனிக்கவில்லை. கீழே ஓர் இடத்தில் சிவப்பாக எண் ஒன்று ஏறியது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கூடிற்று. இத்தனையா என்று இருந்தது. ஒன்றைத்தானே இறக்கினோம், அது உள்ளே வந்து குட்டி போட்டிருக்கிறது. கரண்ட் போய்விட்டால் என்ற பயம் அப்போதுதான் புதிதாக வந்தது. இந்த வாரம் மாதாந்திரப் பராமரிப்பு என்று பேப்பரில் போட்டிருந்தான், எந்த நாள் என்று அவள் படிக்கவில்லை. யுபிஎஸ் பேட்டரி செத்து எத்தனையோ மாதம் ஆகிறது, மாற்றச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். ஃபேன் சத்தம் கொஞ்சம் இறங்கியதும் மேலே பார்த்தாள். சுற்றிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை ஜெகதீஷ் நல்ல பையன். அதையும் ஒரு தடவை மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். படித்த பையன், பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்கிறான், நிச்சயத்தன்று பந்தியில் சிந்துஜாவுக்கு ஜாங்கிரி பிடிக்குமா என்று கேட்டு அவன் கையாலேயே வைத்தான். சிந்துஜா அதைச் சாப்பிட்டாள். ஜாங்கிரி அவளுக்குப் பிடிக்கவே பிடிக்காது, சின்ன வயதிலிருந்து தொட மாட்டாள், யாராவது வைத்தால் இலையை மூடிவிட்டு எழுந்துவிடுவாள். அன்றைக்கு முழுசாகச் சாப்பிட்டாள். எதிர் வரிசையில் நின்று பாயசம் ஊற்றிக்கொண்டிருந்த ஜெயக்கனிக்கு அதைப் பார்த்ததும் நெஞ்சில் ஒன்று குத்தியது. சந்தோஷம் என்று நினைத்தாள். அப்புறம் ராத்திரி பாத்திரம் கழுவும்போது அது சந்தோஷம் மாதிரி இல்லை. ஆனாலும் இந்தச் சம்பந்தத்தைக் கொண்டு வந்ததே அவள் அண்ணன்தான், முன்னால் நின்று எல்லாரையும் சரிக்கட்டியது அவள்தான், பொன்ராஜ் ஓசூர் தூரமாக இருக்கிறதே என்று இழுத்தபோது, பிள்ளையைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளவா பெற்றோம் என்று வாயை அடைத்ததும் அவள்தான். ஒரு ஜாங்கிரியை வைத்து அதையெல்லாம் எப்படித் திருப்ப முடியும், யாரிடம் போய்ச் சொல்வது. அதற்குத்தான் அந்த மெஷின். பத்தில் ஒன்று பிசகுகிறது என்று அதுவாகச் சொல்லியிருந்தால், அதைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை ஆரம்பிக்கலாம். பத்தும் பொருந்துகிறது என்றால் இந்தக் கொசுவாவது ஒழியும். ரெண்டில் ஒன்று. அதற்குப் பதில் ரம்மி வந்தது.

மணி அடிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்து சோதனை முடிந்தது. அவள் எதிர்பார்த்தது இதைத்தான், இருந்தாலும் தூக்கிவாரிப் போட்டது. சிவப்பு எழுத்தில் வரிகள் வந்து நின்றன. பெரும்பாலும் படிக்க முடியாத பெயர்கள், பெயர் மாதிரியே இல்லாத பெயர்கள். அவள் ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்துக்கொண்டே கீழே இறங்கினாள். கடைசிக்கு முன்னால் பொருத்தம் வந்தது, இறக்கி வைக்கிற இடத்தில், அவள் இறக்கிய அதே பெயர், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஓர் ஒன்று. அடுத்த வரியில் மறுபடி பொருத்தம். அதே பெயர், அதே இடம், அந்த ஒன்று மட்டும் இல்லை. ரெண்டு முறை வருகிறதே, குட்டி போட்டதில் இதுவும் ஒன்றோ என்று நினைத்து மேரிக்குப் போன் போட்டாள். மேரி யாருக்கோ பிரிண்ட் எடுத்துக்கொண்டே பேசினாள். எல்லாவற்றையும் டிக் செய்து அழி என்று கொடுங்கள், முடிந்ததும் ஒரு தடவை அணைத்துப் போடுங்கள் என்றாள். ஜெயக்கனி அந்த ஒன்றைப் பற்றிக் கேட்டாள். அதுவா, ஒரே பெயரில் ஏற்கெனவே ஒன்று அங்கே கிடந்தால் ரெண்டாவதாக வருவதற்குக் கம்ப்யூட்டரே அப்படி ஓர் எண் போட்டுக்கொள்ளும், ரெண்டு தடவை இறக்கியிருக்கிறீர்கள் என்றாள் மேரி. நான் ஒரு தடவைதான் இறக்கினேன் என்றாள் ஜெயக்கனி. மேரி சிரித்துவிட்டு, அப்படியானால் உங்களுக்கு முன்னாடி வீட்டில் வேறு யாரோ கோலம் தேடியிருக்கிறார்கள் அக்கா, தேதி போட்டிருக்கும் பாருங்கள் என்று சொல்லி வைத்துவிட்டாள். எண் இல்லாததற்குத் தேதி போட்டிருந்தது. அவள் இறக்கியதற்கு வெகு முன்னால். அந்த நாள் எந்த நாள் என்று யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. முகூர்த்தப் புடவை எடுக்க எல்லாரும் வேன் வைத்துக்கொண்டு போன நாள். தலைவலி, நீங்களே பார்த்து எடுத்துட்டு வாங்கம்மா என்று சிந்துஜா மட்டும் வீட்டில் படுத்திருந்த நாள். பொன்ராஜுக்கு இந்தக் கம்ப்யூட்டரை எங்கே அமுக்கி எழுப்புவது என்றே தெரியாது.

அழி என்பதைக் கொடுக்கவில்லை. கை மவுஸின் மேலேயே இருந்தது. பீரோவின் சாவி கொத்தோடு தொங்கிக்கொண்டுதான் இருக்கும், அதை யாரும் எடுக்கலாம். அந்தப் பெண் பீரோவைத் திறந்து, மஞ்சள் தடவிய தாள்களைப் பிரித்து, இதே நாற்காலியில் உட்கார்ந்து பிறந்த நேரத்தையும் நட்சத்திரத்தையும் எழுத்து எழுத்தாக அடிக்கலாம் என்று இறக்கியிருக்கிறாள். கூடாது என்று தெரிந்தே செய்திருக்கிறாள், அவளுக்கும் அது பிறந்ததிலிருந்து காதில் விழுந்ததுதானே. அந்த நேரம் ஜெயக்கனி காஞ்சிபுரம் கடை மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அரக்கா மாம்பழமா என்று தோளில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைக்காரன் எடுத்துக் காட்டிய கண்ணாடியில் தன் முகம் எவ்வளவு சிரித்துக்கொண்டிருந்தது என்பது நினைவுக்கு வந்தது. நான் எதற்காகப் பார்த்தேனோ அதற்காகத்தான் அவளும் பார்த்தாளோ. இல்லை, எல்லாம் நன்றாகப் பொருந்துகிறதா என்று ஆசையாகப் பார்த்திருப்பாள், சின்னப் பெண்கள் பார்ப்பார்கள். ஆசையாகப் பார்க்கிறவள் தலைவலி என்று ஏன் சொல்ல வேண்டும். யாரிடமும் எதுவும் சொல்லாமல் இருக்கலாம். இந்தக் காரியத்தை அப்படியே அழித்துவிட்டு, முருங்கைக்காய் வேக வைத்து, சாயங்காலம் வருகிறவளுக்குக் காபி போட்டுக் கொடுக்கலாம். அவளும் சொல்ல மாட்டாள், இவளும் சொல்ல மாட்டாள், ரெண்டு பேரும் ஒரே வீட்டில் ஒரே முடிச்சை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு கல்யாணத்தை நடத்திவிடலாம். நடத்திவிடவும் முடியும், அதுதான் பயங்கரம். ஜெயக்கனிக்கு அழுகை வந்தது. அழுதாள். அழுதுகொண்டே போனை எடுத்து மகளுக்குப் போட்டாள்.

தையல் கடையில் இருக்கிறேன், அத்தை உள்ளே அளவு சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்றாள் சிந்துஜா. கொஞ்சம் வெளியே வா என்றாள் ஜெயக்கனி. பஸ் ஹாரன்கள் கேட்டன, பூ விற்கிறவள் குரல் ஒன்று கேட்டது.

"பிள்ள, அந்தப் பொருத்தம் பாக்குறத நீயும் எறக்குனியா?"

பூ விற்கிறவள் குரல் தள்ளிப் போயிற்று. பிறகு சிந்துஜா மெதுவாகக் கேட்டாள். "நீயும்னா?"

"நானுந்தான்."

போனில் மகள் மூச்சு விடுவது கேட்டது. சிரித்தாளா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லை. அது திறக்கவே இல்லை என்றாள், மாற்றி மாற்றி அமுக்கிப் பார்த்தாளாம், கறுப்பாக ஏதோ வந்து வந்து போனதாம். எதற்குப் பிள்ளை அமுக்கினாய் என்று கேட்டாள் ஜெயக்கனி. கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது, இருந்தாலும் அதை அவள் வாயால் கேட்டாக வேண்டும் என்று இருந்தது.

"ஏதாவது ஒண்ணு பொருந்தலன்னு வந்தா, உங்கிட்ட கொண்டாந்து காட்டலாம்னு பாத்தேம்மா." மூக்கை உறிஞ்சிவிட்டுத் தொடர்ந்தாள். "அவரு தப்பா ஒண்ணும் பேசுறதில்ல. அவரு பேசுறப்பல்லாம் எப்படா போனை வைப்பாருன்னு இருக்கு. அத எப்படி உங்கிட்ட சொல்றது? எல்லாரும் சந்தோஷமா இருந்தீங்க."

நீ அங்கேயே நில், அத்தையோடு சாப்பிட்டுவிட்டு வா, வந்து பேசிக்கொள்ளலாம், அழாதே, ரோட்டில் நின்று அழாதே என்று என்னென்னவோ சொன்னாள் ஜெயக்கனி. வைத்ததும், முந்தானையால் முகத்தைக்கூடத் துடைக்காமல் பொன்ராஜுக்குப் போட்டாள். பின்னால் பெயின்ட் குலுக்குகிற மெஷின் கடகடவென்று ஓடியது. அவர் எடுத்ததும், என்ன ஜெயா, வர்றியா, பிரஸ்காரர் கிளம்பணும்ங்கிறார் என்றார்.

"அடிக்கச் சொல்லாதீக."

"ஏன், என்ன தப்பு இருக்கு?"

"பத்திரிகைல ஒண்ணும் இல்ல. பிள்ளைக்கு மனசில்லைங்க."

அவர் நகர்ந்து எங்கேயோ போனார். மெஷின் சத்தம் குறைந்து, கடைக் குடோன் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. கோபப்படுவார் என்று அவள் காத்திருந்தாள். கோபப்பட்டால் என்ன சொல்வது என்றும் யோசித்துவிட்டாள். பேசியபோது குரல் சின்னதாக இருந்தது.

"இம்புட்டு நாளா சொல்லலையே ஜெயா. இப்ப என்ன திடீர்னு?"

"திடீர்னு இல்லைங்க. நான் இப்பத்தான் கேட்டேன்."